லேப்வியூவில் வெப்கேம் படம் எடுத்துச் சேமிப்பது: சிக்கல்களைத் தீர்க்க முழுமையான வழிகாட்டி

திரையில் வீடியோ நன்றாக ஓடுகிறது, சேமித்த ஃபைலைத் திறந்தால் ஒரே கறுப்பு. நூறு படம் எடுத்தால் நூறிலும் ஒரே காட்சி. காலையில் ஓடிய புரோகிராம் மதியம் கேமராவே இல்லை என்கிறது. நம் கணினியில் ஒழுங்காகச் சேமித்தது, எக்ஸிகியூட்டபிளாக (தனியாக ஓடும் .exe ஃபைலாக) மாற்றி இன்னொரு கணினியில் போட்டதும் சேமிக்க மறுக்கிறது. ஐகான்களை ஒயர்களால் இணைத்துப் புரோகிராம் எழுதும் மென்பொருளான லேப்வியூவில் வெப்கேம் வைத்து வேலை செய்பவர்கள் இதில் ஒன்றையாவது பார்த்திருப்பார்கள். ஆய்வக மாணவர்கள் பலர் இந்த இடத்தில் மாட்டிக்கொண்டு, பிளாக் டயகிராமில் (புரோகிராமை வரையும் பக்கம்) கண்ணில் பட்ட ஒயரை எல்லாம் மாற்றிப் பார்த்து நாட்களை இழக்கிறார்கள். அது தேவையில்லாத இழப்பு. இந்தச் சிக்கல்கள் ஒவ்வொன்றுக்கும் தெளிவான காரணம் இருக்கிறது. வரிசையாகப் பார்த்தால் பிடித்துவிடலாம்.

வேலை மொத்தமும் மூன்று கட்டம்தான். கேமராவிலிருந்து படம் கணினிக்குள் வருவது ஒன்று. வந்த படம் மெமரியில் நிற்பது இரண்டாவது. மெமரியிலிருந்து ஃபைலாக எழுதப்படுவது மூன்றாவது. "சேமிக்க முடியவில்லை" என்று சொல்லப்படும் புகார்களில் பெரும்பாலானவற்றில் மூன்றாவது கட்டம் சரியாகவே இருக்கும். கோளாறு இரண்டாவதில் இருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் நடுக் கட்டத்துக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: தேவையானவை இருக்கின்றனவா?

லேப்வியூவை மட்டும் போட்டால் வெப்கேம் வேலை செய்யாது. விஷன் அக்விசிஷன் சாஃப்ட்வேர் என்ற தொகுப்பும் வேண்டும். கேமராவோடு பேசும் ஐமேக்டிஎக்ஸ் டிரைவரும், படத்தை மெமரியில் வைத்துக் கையாளும் ஐமேக் விஐக்களும் அதில்தான் வருகின்றன. (லேப்வியூவில் ஒவ்வொரு புரோகிராமும் அதற்குள் பயன்படும் துணைப் புரோகிராமும் ஒரு விஐ.) வட்டம் கண்டுபிடிப்பது, எழுத்துப் படிப்பது போன்ற பகுப்பாய்வு வேலைகளுக்கு விஷன் டெவலப்மென்ட் மாட்யூல் தனியாக வேண்டும். படம் எடுத்துச் சேமிக்க மட்டும் அது தேவையில்லை.

முதலில் லேப்வியூ, அப்புறம் விஷன் தொகுப்பு என்ற வரிசையில் இன்ஸ்டால் செய்யுங்கள். மாற்றிச் செய்தால் ஃபங்ஷன்ஸ் பேலட்டில் (ஐகான்களைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல்) விஷன் பகுதி வராமல் போகலாம். புதிய லேப்வியூ பதிப்புக்கு மாறியவர்களுக்கும் இதே நிலைதான். பழைய பதிப்புக்காகப் போட்ட விஷன் தொகுப்பு புதியதில் தானாகத் தெரியாது. பதிப்புக்கு ஏற்ற தொகுப்பை லேப்வியூவைத் தயாரிக்கும் நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் (என்ஐ) பேக்கேஜ் மேனேஜர் வழியாக மறுபடி போட வேண்டும். 32 பிட், 64 பிட் இரண்டும் ஒரே கணினியில் இருந்தால் எதற்கு எதைப் போட்டிருக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள்.

யாரோ கொடுத்த விஐயைத் திறந்ததும் சில ஐகான்கள் கேள்விக்குறியாகத் தெரிந்து ரன் அம்பு உடைந்திருந்தால், அந்த விஐக்கள் உங்கள் கணினியில் இல்லை என்று பொருள். ஒயரைத் தொடாதீர்கள், இன்ஸ்டாலைப் பாருங்கள். ஐகான் சரியாக இருந்து லைசென்ஸ் பற்றிய செய்தி வந்தால் என்ஐ லைசென்ஸ் மேனேஜரைத் திறந்து சோதனைக் காலம் முடிந்துவிட்டதா என்று பாருங்கள்.

படி 2: லேப்வியூவை மூடிவிட்டு மேக்ஸில் சோதியுங்கள்

ஒரு வரி புரோகிராம் எழுதுவதற்கு முன் மெஷர்மென்ட் அண்ட் ஆட்டோமேஷன் எக்ஸ்புளோரரைத் திறக்க வேண்டும். எல்லோரும் இதை மேக்ஸ் என்றுதான் சொல்வார்கள். டிவைசஸ் அண்ட் இன்டர்ஃபேசஸ் பகுதியில் உங்கள் வெப்கேம் கேம்0 அல்லது அது போன்ற பெயரில் தெரிய வேண்டும். அதைத் தேர்ந்தெடுத்து முதலில் ஸ்னாப் (ஒரே ஒரு படம்), பிறகு கிராப் (தொடர்ந்து படங்கள்) அழுத்திப் பாருங்கள். இங்கே படம் வரவில்லை என்றால் லேப்வியூவிலும் வராது. இங்கே வந்து லேப்வியூவில் வராவிட்டால் தவறு உங்கள் பிளாக் டயகிராமில் இருக்கிறது. இந்த ஒரு சோதனையே தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

பட்டியலில் கேமராவே தெரியவில்லை என்றால் விண்டோஸின் டிவைஸ் மேனேஜருக்குப் போங்கள். கேமராஸ் அல்லது இமேஜிங் டிவைசஸ் என்ற தலைப்பின் கீழ், மஞ்சள் எச்சரிக்கைக் குறி இல்லாமல் இருக்க வேண்டும். அங்கேயும் இல்லையென்றால் கேபிள், போர்ட், ஹப் ஆகியவற்றை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் இருந்து மேக்ஸில் மட்டும் இல்லையென்றால் ஐமேக்டிஎக்ஸ் இன்ஸ்டால் முழுமையாக இல்லை என்று சந்தேகிக்கலாம்.

பட்டியலில் தெரிந்தும் படம் வராமல் எரர் வந்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள். முதலாவது, வேறு ஏதாவது மென்பொருள் கேமராவைப் பிடித்து வைத்திருக்கிறதா? வீடியோ அழைப்புச் செயலி, பிரவுசரில் திறந்து கிடக்கும் ஒரு டேப், விண்டோஸின் கேமரா ஆப் ஆகியவற்றில் எது திறந்திருந்தாலும் மூடுங்கள். மேக்ஸும் இந்தக் கணக்கில் சேரும். மேக்ஸில் கிராப் ஓடிக்கொண்டிருக்கும்போதே லேப்வியூவை ஓடவிட்டால் கேமரா கிடைக்காது. இரண்டாவது, விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குள் கேமரா அனுமதி இருக்கிறது. அந்தப் பக்கத்தின் அடியில், டெஸ்க்டாப் ஆப்கள் கேமராவைப் பயன்படுத்த அனுமதிக்கும் சுவிட்ச் தனியாக இருக்கும். மேலே உள்ள சுவிட்சைப் பார்த்து "அனுமதி இருக்கிறதே" என்று விட்டுவிடுபவர்கள் அதிகம். லேப்வியூ டெஸ்க்டாப் ஆப் என்பதால் அடியில் உள்ளதுதான் அதற்கு முக்கியம்.

கேமராவின் பெயரையும் கவனியுங்கள். நேற்று கேம்0 என்று இருந்தது, யூஎஸ்பி போர்ட்டை மாற்றிச் செருகியதும் கேம்1 ஆகியிருக்கலாம். பல வெப்கேம்களில் தனித்த சீரியல் எண் இருக்காது. அதனால் வேறு போர்ட்டில் செருகினால் விண்டோஸ் அதைப் புதிய கருவியாகவே எடுத்துக்கொள்ளும். பெயரைக் கான்ஸ்டன்டாக (மாறாத மதிப்பாக) எழுதி வைத்த புரோகிராம் அன்றோடு நின்றுவிடும். ஃபிரண்ட் பேனலில் (பட்டன்களும் படமும் தெரியும் பக்கம்) ஐமேக்டிஎக்ஸ் செஷன் கன்ட்ரோலை வைத்துப் பெயரைத் தேர்ந்தெடுக்க விடுங்கள், அல்லது என்யூமரேட் கேமராஸ் விஐ மூலம் இருக்கும் கேமராக்களின் பட்டியலை வாங்கி அதிலிருந்து எடுங்கள்.

படி 3: வீடியோ மோடு

மேக்ஸில் அக்விசிஷன் அட்ரிபியூட்ஸ் பகுதியில் வீடியோ மோடு என்றொரு பட்டியல் இருக்கும். அளவு, பிக்சல் வடிவம், வேகம் மூன்றும் சேர்ந்தது ஒரு மோடு. இதைக் கவனிக்காமல் பெரிய அளவைத் தேர்ந்தெடுத்துவிட்டு "டைம்அவுட் வருகிறது" (குறித்த நேரத்துக்குள் படம் வரவில்லை) என்று தவிப்பவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு.

ஒய்யூஒய்2 வடிவத்தில் ஒரு பிக்சலுக்கு 2 பைட். 640க்கு 480 அளவில் நொடிக்கு 30 படம் என்றால் நொடிக்குச் சுமார் 18.4 எம்பி. 1920க்கு 1080 அளவில் அதே வேகம் என்றால் சுமார் 124 எம்பி. யூஎஸ்பி 2.0இன் உச்ச வேகமே நொடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 எம்பி. எனவே முழு எச்டி அளவில் 30 படங்கள் அந்த வடிவத்தில் வர வழியே இல்லை. எம்ஜேபெக் போன்ற சுருக்கிய வடிவத்தில்தான் வரும். உங்கள் பட்டியலில் எம்ஜேபெக் மோடு இருந்தால் பெரிய அளவுக்கு அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் அளவையோ வேகத்தையோ குறையுங்கள்.

இரண்டு வெப்கேமை ஒரே ஹப்பில் மாட்டினால் ஒன்று மட்டும் ஓடுவதற்கும் காரணம் இதுதான். கேமராக்கள் உண்மையில் அனுப்பும் அளவுக்கு மட்டும் இடம் கேட்பதில்லை. பெரும்பாலும் கூடுதலாகவே பேண்ட்வித்தை முன்பதிவு செய்கின்றன. இரண்டாவது கேமராவை வேறு யூஎஸ்பி கன்ட்ரோலரில் மாட்ட வேண்டும். பக்கத்துப் போர்ட்டும் பல கணினிகளில் அதே கன்ட்ரோலரோடுதான் சேர்ந்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

சரியான மோடைத் தேர்ந்தெடுத்ததும் மேக்ஸில் சேவ் அழுத்துங்கள். ஓப்பன் கேமரா விஐ அந்தச் சேமித்த அமைப்புகளோடுதான் கேமராவைத் திறக்கும்.

படி 4: சின்ன பிளாக் டயகிராம், ஒரே ஒரு படம்

இப்போது லேப்வியூ. உங்கள் பெரிய புரோகிராமை ஒதுக்கி வையுங்கள். புதிய விஐ ஒன்றில் இந்த வரிசை மட்டும் போதும்: ஐமேக்டிஎக்ஸ் ஓப்பன் கேமரா, கான்ஃபிகர் கிராப், வைல் லூப்புக்குள் கிராப், லூப்புக்கு வெளியே ஐமேக் ரைட் ஃபைல், கடைசியில் குளோஸ் கேமரா, ஐமேக் டிஸ்போஸ் (படத்தின் மெமரி இடத்தை விடுவிப்பது). படத்துக்கு இடம் ஒதுக்க ஐமேக் கிரியேட்டை லூப்புக்கு முன்னால் ஒரே ஒரு முறை வையுங்கள். வண்ணப் படம் வேண்டுமென்றால் இமேஜ் டைப் இன்புட்டில் ஆர்ஜிபி யு32 என்று கொடுங்கள்.

எரர் ஒயரை எல்லா விஐக்கும் தொடர்ச்சியாக இணைத்து, கடைசியில் சிம்பிள் எரர் ஹேண்ட்லரை வையுங்கள். லூப்பின் ஸ்டாப்புக்கு, பட்டனோடு எரர் நிலையையும் ஆர் கேட் வழியாகக் கொடுங்கள். பலர் இதை அழகுக்காகச் செய்வது என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். எரர் ஒயர் இல்லாத பிளாக் டயகிராமில் சிக்கலைத் தேடவே முடியாது. கிராப் தோல்வியடைந்ததும் லூப் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும், திரையில் பழைய படம் நிற்கும், "கேமரா ஹேங் ஆகிவிட்டது" என்று நாம் நினைத்துக்கொள்வோம். எரர் வந்தால் அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஹெல்ப் மெனுவில் எக்ஸ்பிளெயின் எரரைத் திறந்து படியுங்கள்.

புரோகிராமை நிறுத்த டூல்பாரில் உள்ள சிவப்பு அபார்ட் பட்டனைப் பயன்படுத்தாதீர்கள். அதை அழுத்தினால் குளோஸ் கேமரா ஓடாது. சில நேரம் கேமரா பிடிபட்ட நிலையிலேயே நின்று, அடுத்த முறை ஓடவிடும்போது ஏற்கெனவே பயன்பாட்டில் இருப்பதாகச் செய்தி வரும். அப்படி ஆனால் லேப்வியூவை முழுமையாக மூடித் திறந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

படி 5: கறுப்புப் படம், மங்கல் படம்

லைவ் வீடியோ வெளிச்சமாக இருக்கிறது; சேமித்த படம் மட்டும் கறுப்பாகவோ பச்சையாகவோ மங்கலாகவோ இருக்கிறது. முதலில் ஸ்னாப் விஐயைப் பயன்படுத்துகிறீர்களா என்று பாருங்கள். ஸ்னாப் ஒவ்வொரு முறையும் கேமராவின் ஓட்டத்தைத் தொடங்கி, ஒரு படம் எடுத்து, உடனே நிறுத்திவிடும். வெப்கேமின் ஆட்டோ எக்ஸ்போஷரும் (வெளிச்ச அளவைத் தானாகச் சரிசெய்வது) ஒயிட் பேலன்சும் (நிறத்தைச் சரிசெய்வது) நிலைபெறச் சில படங்கள் ஆகும். அந்த அவகாசம் கிடைக்காததால் முதல் படம் இருட்டாகவே வருகிறது. ஸ்னாப்பை லூப்பில் போட்டால் வேகமும் படுத்துவிடும்.

தீர்வு எளிது. கிராப்புக்கு மாறுங்கள். ஓட்டம் தொடங்கியதும் முதல் 15, 20 படங்களைச் சேமிக்காமல் விடுங்கள். அளவீட்டு வேலை என்றால் ஆட்டோவை நம்பவே வேண்டாம். மேக்ஸின் கேமரா அட்ரிபியூட்ஸ் பகுதியில் எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் மூன்றையும் மேனுவலுக்கு மாற்றி மதிப்பை நிலைநிறுத்துங்கள். ஒரே பொருளைக் காலையிலும் மாலையிலும் படமெடுத்து ஒப்பிடுபவர்களுக்கு இது கட்டாயம். கேமரா தானாக வெளிச்சத்தைச் சரிசெய்துகொண்டால் நீங்கள் அளப்பது பொருளின் மாற்றத்தை அல்ல.

இருட்டான அறையில் ஆட்டோ எக்ஸ்போஷர் நேரத்தை நீட்டும். நொடிக்கு 30 வர வேண்டிய படங்கள் 15 அல்லது அதற்கும் கீழே போகும். "லேப்வியூ மெதுவாக இருக்கிறது" என்று முடிவு கட்டும் முன் ஒரு விளக்கைப் போட்டுப் பாருங்கள். படத்தில் கிடைமட்டப் பட்டைகள் ஓடினால், விளக்கின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்பதற்கு ஏற்ப கேமராவின் பவர் லைன் ஃப்ரீக்வென்சியை மாற்ற வேண்டும்.

படி 6: எல்லா ஃபைலிலும் ஒரே படம்

இதைப் பொறுமையாகப் படியுங்கள். வெப்கேம் புரோகிராம்களில் ஆளை அதிகமாகக் குழப்புவது இதுதான்.

லேப்வியூவில் ஒரு எண்ணின் ஒயரை இரண்டாகப் பிரித்தால் இரண்டு கிளையிலும் தனித்தனி மதிப்பு போகும். ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது. இந்தப் பழக்கத்தோடு ஐமேக் படத்தின் ஒயரைப் பிரிக்கிறோம்; அங்கேதான் சிக்கல். அந்த ஒயரில் போவது படம் அல்ல, படம் குடியிருக்கும் வீட்டின் முகவரி. ஒயரை எத்தனை கிளையாகப் பிரித்தாலும் எல்லாம் ஒரே வீட்டுக்குத்தான் போகும். அடுத்த கிராப் ஓடியதும் பழைய படம் காலியாகி, புதிய படம் அதே இடத்தில் குடியேறிவிடும்.

இதை நேரில் பாருங்கள். கிராப் லூப்பிலிருந்து பட ஒயரை ஒரு கியூவில் (முதலில் போட்டதை முதலில் எடுக்கும் வரிசை) போடுகிறீர்கள். இன்னொரு லூப் அந்தக் கியூவிலிருந்து எடுத்து ஃபைலாக எழுதுகிறது. புத்தகத்தில் சொன்ன புரொடியூசர்–கன்ஸ்யூமர் முறைதான், பார்க்கச் சரியாகவே இருக்கிறது. கேமரா வேகமாகப் படங்களைத் தருகிறது, டிஸ்க் மெதுவாக எழுதுகிறது. கியூவில் ஐந்து உருப்படி சேர்ந்துவிட்டது. ஐந்தும் ஒரே முகவரி. எழுதும் லூப் முதல் உருப்படியை எடுக்கும்போது அந்த முகவரியில் இருப்பது ஐந்தாவது படம். இரண்டாவதை எடுத்தாலும் ஐந்தாவதோ அதற்குப் பிந்தையதோதான். ஃபைல் பெயர்கள் மட்டும் வேறு வேறு, உள்ளே ஒரே காட்சி. எழுதிக்கொண்டிருக்கும்போதே கேமரா அந்த இடத்தை மாற்றிவிட்டால் மேல் பாதி ஒரு படம், கீழ் பாதி இன்னொரு படம் என்று கிழிந்த ஃபைலும் கிடைக்கலாம்.

ஐமேக் கிரியேட்டுக்குக் கொடுக்கும் பெயருக்கும் இதில் பங்கு உண்டு. ஒரே பெயரில் இரண்டு முறை கிரியேட் செய்தால் இரண்டு படம் உருவாகாது. இரண்டும் ஒரே மெமரி இடத்தைத்தான் குறிக்கும். ஒரு சப்விஐக்குள் (இன்னொரு விஐக்குள் பயன்படுத்தும் விஐ) பெயரைக் கான்ஸ்டன்டாக வைத்துவிட்டு அந்தச் சப்விஐயை இரண்டு கேமராவுக்குப் பயன்படுத்தினால், இரண்டு கேமராவின் படமும் ஒன்றின் மேல் ஒன்று எழுதப்படும். திரையில் இரண்டு கேமராவும் மாறி மாறி மின்னுவது இதனால்தான்.

ஒரு பட்டன் அழுத்தினால் ஒரு படம் சேமிக்க வேண்டும், அவ்வளவுதான் என்றால் தீர்வு ஐமேக் காப்பி. வேறு பெயரில் இரண்டாவது படம் ஒன்றைக் கிரியேட் செய்து, பட்டன் அழுத்திய கணத்தில் லைவ் படத்தை அதற்குள் காப்பி செய்து, அந்தக் காப்பியை ரைட் ஃபைலுக்குக் கொடுங்கள். லைவ் படம் தன் போக்கில் மாறிக்கொண்டிருக்கும், காப்பி அசையாது.

தொடர்ச்சியாகப் படங்களைச் சேமிக்க வேண்டுமென்றால் ஒரு பட்டாளமே வேண்டும். தொடக்கத்தில் வேறு வேறு பெயர்களில் 10 படங்களைக் கிரியேட் செய்து, பத்தையும் "காலி" என்ற கியூவில் போடுங்கள். கிராப் லூப், காலி கியூவிலிருந்து ஒன்றை எடுத்து, அதில் படத்தை வாங்கி, "நிறைந்தது" என்ற கியூவில் போடும். எழுதும் லூப் நிறைந்த கியூவிலிருந்து எடுத்து, ஃபைலாக எழுதி முடித்ததும், அதே படத்தைக் காலி கியூவுக்குத் திருப்பி அனுப்பும். எந்தப் படமும் எழுதி முடியும் முன் மாறாது, மெமரியும் பெருகாது. காலி கியூ அடிக்கடி வெறுமையாகிறது என்றால் டிஸ்க் வேகம் போதவில்லை என்பதை அதுவே காட்டிக்கொடுத்துவிடும். சின்னப் புரோகிராம்களுக்குக்கூட இந்த முறையை நான் பரிந்துரைப்பேன்.

சிலர் மறுகோடிக்குப் போய், ஐமேக் கிரியேட்டை லூப்புக்குள் வைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் புதிய பெயர் கொடுத்துவிடுகிறார்கள். ஃபைல்கள் சரியாக வரும், கொஞ்ச நேரத்துக்கு. 1920க்கு 1080 ஆர்ஜிபி யு32 படம் ஒன்று மெமரியில் சுமார் 8.3 எம்பி பிடிக்கும். 32 பிட் லேப்வியூவுக்கு 64 பிட் விண்டோஸில் கிடைப்பது அதிகபட்சம் 4 ஜிபி. டிஸ்போஸ் செய்யாமல் விட்டால் 500 படத்தை எட்டும் முன்பே மெமரி முழுவதும் தீர்ந்து நின்றுவிடும். டிஸ்போஸ் விஐயில் எல்லாப் படங்களையும் நீக்கும் ஆல் இமேஜஸ் இன்புட்டையும் பார்த்து வையுங்கள். ஒரு சப்விஐக்குள் அதை ட்ரூ ஆக்கிவிட்டால் மற்ற லூப்பில் ஓடும் படங்களும் சேர்ந்தே அழிந்துபோகும்.

எந்தப் படம் வருகிறது என்று சந்தேகம் வந்தால் கிராப் விஐயின் பஃபர் நம்பர் அவுட் புள்ளியில் ஒரு இண்டிகேட்டரை மாட்டுங்கள். எண் ஒவ்வொன்றாக ஏறினால் எல்லாப் படமும் கிடைக்கிறது. தாவித் தாவி ஏறினால் நடுவில் சில விடுபடுகின்றன. ஏறாமலே நின்றால் ஒரே படத்தைத்தான் திரும்பத் திரும்ப வாங்குகிறீர்கள். ஃபைல் பெயரிலேயே அந்த எண்ணைச் சேர்த்துவிட்டால், ஓட்டம் முடிந்த பிறகும் எது விடுபட்டது என்று தேடிப் பார்க்கலாம்.

படி 7: பாதையும் ஃபைல் பெயரும்

ரைட் ஃபைல் எரர் கொடுத்தால் எண்ணைப் பாருங்கள். லேப்வியூவின் பொதுவான ஃபைல் எரர்களில் 7 என்றால் கிடைக்கவில்லை. புதிய ஃபைலைத்தானே எழுதுகிறோம், கிடைக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? அந்த ஃபோல்டர் இல்லை என்று அர்த்தம். எழுதும் விஐ ஃபோல்டரை உருவாக்கித் தராது. முன்கூட்டியே இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கிரியேட் ஃபோல்டர் மூலம் உருவாக்குங்கள். 8 என்றால் எழுத அனுமதியில்லை. புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளோ சி டிரைவின் தலைமட்டத்திலோ எழுதப் பார்த்தால் இது வரும். பயனரின் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்கு மாற்றுங்கள். ஐமேக் விஐக்கள் தங்களுக்கென்று வைத்திருக்கும் எரர்கள் நீளமான மைனஸ் எண்களாக வரும். அவற்றுக்கும் எக்ஸ்பிளெயின் எரர் விளக்கம் தரும்.

பாதையை ஸ்ட்ரிங்குகளாக ஒட்டி உருவாக்காதீர்கள். பில்ட் பாத் ஃபங்ஷனைப் பயன்படுத்தினால் சாய்கோடு விடுபடும் தொல்லை இல்லை. பெயரில் நேரத்தைச் சேர்ப்பது நல்ல பழக்கம், ஆனால் மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவே முக்காற்புள்ளி வந்துவிடும். விண்டோஸ் அதை ஃபைல் பெயரில் ஏற்காது; தேதியில் வரும் சாய்கோட்டையும் ஏற்காது. ஃபார்மேட் டேட் டைம் ஸ்ட்ரிங் மூலம் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி என்ற வரிசையில் இடைவெளி இல்லாமல் எழுதச் செய்யுங்கள். ஃபைல்கள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். நொடிக்கு ஒன்றுக்கு மேல் சேமித்தால் மில்லிவிநாடியும் கட்டாயம் சேர வேண்டும். இல்லையென்றால் ஒரே நொடியில் எடுத்த படங்கள் ஒரே பெயரில் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்பட்டு, கடைசியானது மட்டும் மிஞ்சும். எந்த எரரும் வராது என்பதுதான் இதில் ஆபத்து.

படி 8: எந்த வடிவம்?

அளவீட்டுக்கும் பகுப்பாய்வுக்கும் பிஎன்ஜி. பார்வைக்கும் அறிக்கையில் ஒட்டுவதற்கும் ஜேபெக். என் கருத்தில் இதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை. ஜேபெக் பிக்சல் மதிப்புகளையே மாற்றிவிடும்; விளிம்பை அளக்கும் வேலைக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. ஐமேக் ஜேபெக் விஐயில் தர அளவு 0 முதல் 1000 வரை, சொல்லாமல் விட்டால் 750. நூற்றுக்கு என்று நினைத்து 90 கொடுத்தால் கட்டம் கட்டமாகச் சிதைந்த படம்தான் வரும்.

ஃபைல் வடிவத்தைத் தீர்மானிப்பது நீங்கள் தேர்ந்தெடுத்த விஐ. பெயரின் கடைசியில் உள்ள நீட்சி அல்ல. ஜேபெக் விஐயில் எழுதிவிட்டு பிஎன்ஜி என்று பெயர் வைத்தால் சில மென்பொருள்கள் திறக்க மறுக்கும். படத்தின் மேல் வரைந்த கோடு, எழுத்து போன்ற ஓவர்லேக்கள் ஃபைலில் காணவில்லை என்றால், எழுதுவதற்கு முன் மெர்ஜ் ஓவர்லே செய்ய வேண்டும்.

படி 9: சேமிக்கும் பட்டன்

ஒரு முறை அழுத்தினால் நூற்றுக்கணக்கில் ஃபைல்கள் குவிகின்றனவா? பட்டனின் மெக்கானிக்கல் ஆக்ஷன், அழுத்தியபின் அப்படியே நிற்கும் சுவிட்ச் வகையில் இருக்கிறது. லாட்ச் வென் ரிலீஸ்டு என்று மாற்றுங்கள். பட்டனுக்காக ஈவென்ட் ஸ்ட்ரக்சரை (பட்டன் அழுத்தல் போன்ற நிகழ்வுக்காகக் காத்திருக்கும் பகுதி) கிராப் லூப்புக்குள்ளேயே வைத்து வீடியோ உறைந்து நிற்கிறதா? டைம்அவுட் மதிப்பைக் கொடுக்காததால் அது ஈவென்ட்டுக்காகக் காத்துக்கொண்டே இருக்கிறது. ஈவென்ட்டைத் தனி லூப்புக்குக் கொண்டுபோவதுதான் சரியான வழி.

படி 10: எக்ஸிகியூட்டபிளும் நீண்ட நேர ஓட்டமும்

பில்ட் செய்த புரோகிராம் வேறு கணினியில் ஓட வேண்டுமென்றால் லேப்வியூ ரன்டைம் (பில்ட் செய்த புரோகிராமை ஓடவைக்கும் துணை மென்பொருள்) மட்டும் போதாது. ஐமேக்டிஎக்ஸ், விஷன் ஆகியவற்றின் ரன்டைமும் அவற்றுக்குரிய லைசென்சும் அங்கே இருக்க வேண்டும். அந்தக் கணினியின் கேமரா பெயரும் வேறாக இருக்கலாம். பாதையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கரன்ட் விஐஸ் பாத் ஃபங்ஷன், எக்ஸிகியூட்டபிளுக்குள் ஓடும்போது அந்த எக்ஸிகியூட்டபிள் ஃபைலையும் பாதையின் ஒரு பகுதியாகச் சேர்த்தே தரும். ஒரு படி மேலே போனால் ஃபோல்டர் வரும் என்று நினைத்து எழுதினால், ஒரு ஃபைலுக்குள் ஃபைல் எழுதப் பார்ப்பதாக முடியும். அப்ளிகேஷன் டைரக்டரி விஐ, எக்ஸிகியூட்டபிள் இருக்கும் ஃபோல்டரைத் தரும், அதையே பயன்படுத்துங்கள். அந்த ஃபோல்டர் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருந்தால் எரர் 8 மறுபடி வரும் என்பதால் படங்களுக்கு மட்டும் எழுத அனுமதியுள்ள தனி இடம் கொடுங்கள்.

இரவு முழுவதும் ஓடவிடப் போகிறீர்களா? நொடிக்கு ஒரு படம் என்றால் ஒரு நாளில் 86,400 ஃபைல்கள். முழு எச்டி படத்தைச் சுருக்காமல் பிஎம்பியாக எழுதினால் ஒரு ஃபைல் குறைந்தது 6.2 எம்பி, ஒரு நாளைக்கு 500 ஜிபியைத் தாண்டிவிடும். வடிவத்தை அதற்கேற்ப முடிவு செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால் எக்ஸ்புளோரரில் திறக்கவே திணறும். மணிக்கு ஒரு ஃபோல்டர் என்று பிரித்தால் ஒன்றில் 3,600தான். விண்டோஸின் பவர் அமைப்பில் ஸ்லீப்பையும் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பென்டையும் (சும்மா இருக்கும் யூஎஸ்பி கருவியை உறங்கவைப்பது) நிறுத்திவிடுங்கள். கேமரா நள்ளிரவில் காணாமல் போவதற்கு இவை இரண்டும் வழக்கமான காரணங்கள். அப்படியும் எரர் வந்தால் புரோகிராம் நின்றுவிடாமல் கேமராவை மூடி, சில நொடி பொறுத்து, மறுபடி திறந்து தொடரும்படி எழுதுங்கள். எந்த நேரத்தில் எந்த எண்ணுள்ள எரர் வந்தது என்பதை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வரி வரியாகச் சேர்த்துக்கொண்டே போகட்டும். காலையில் வந்ததும் கடைசிப் படத்தின் நேரத்தையும் அந்த ஃபைலின் கடைசி வரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மேலே சொன்ன படிகளில் எதற்குத் திரும்பிப் போக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.